வேகாத சோற்றின் விலை

குளுவாங்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அத்தை எழுதுவது. மாமாவுக்குக் கால் வலி கொஞ்சம் தேவலை, கோயிலுக்கு நடந்தே போய் வருகிறார்.

நீ வாட்ஸ்ஆப்பில் அனுப்பிய விளம்பரத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுக்கப் படித்துவிட்டேன். வாரம் மூன்று சமையல், இரண்டு பேருக்கு. காயை நறுக்கி, மசாலாவை அளந்து, கோழியைத் தனிப்பையில் கட்டி, செய்முறை அட்டையும் வைத்து, எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டு வாசலில் கொண்டுவந்து கொடுப்பார்கள். ஒரு வேளைக்குத் தலைக்கு 20 வெள்ளி. முதல் பெட்டி மட்டும் பாதி விலை. "காசுக்குத் தகுமா அத்தை?" என்று ஒரே வரியில் கேட்டுவிட்டாய். போனில் சொல்லத் தொடங்கினால் பாதியில் உனக்கு பஸ் வந்துவிடும். அதனால்தான் கடிதம்.

நம் வீட்டுப் பெண் பெட்டியில் வந்ததையா சமைப்பது என்று முகத்தைச் சுளிக்கிற ஆள் நான் இல்லை. பள்ளிக்கூட கேண்டீன் நடத்தியவளுக்கு அரைத்த இஞ்சி பூண்டும் உரித்த வெங்காயமும் எவ்வளவு பெரிய உபகாரம் என்று தெரியும். காசு கொடுத்து வேலையைக் குறைத்துக்கொள்வதில் தப்பே இல்லை. கொடுக்கிற காசு எந்த வேலையைக் குறைக்கிறது என்று மட்டும் பார்க்க வேண்டும்.

முதலில் கணக்கு. உருளைக்கிழங்கு போட்ட கோழிக்கறி, கங்கோங் பிரட்டல், சோறு, இரண்டு பேருக்கு. கோழி கிலோ 10 வெள்ளி என்று வைத்துக்கொண்டால் அரைக்கிலோ 5 வெள்ளி. தேங்காய்ப்பால் 3, வெங்காயம் தக்காளி கிழங்கு எல்லாம் சேர்த்து 2, மசாலா 1, கங்கோங் ஒன்றரை. உள்நாட்டு வெள்ளை அரிசி கிலோ 2.60 என்பது அரசாங்கம் கட்டிவைத்த விலை, அதில் கால் கிலோ 65 காசு. கூட்டினால் 13 வெள்ளிச் சொச்சம். பெட்டிக்கு 40 வெள்ளி. மிச்சம் 27 வெள்ளி பக்கம் வருகிறது. 14 கிலோ கேஸ் தோங் 26 வெள்ளி 60 காசு. ஒரே ஒரு வேளைச் சாப்பாட்டில் ஒரு முழுத் தோங்கின் காசு போகிறது, பாப்பா. வாரம் மூன்று முறை என்றால் மாதம் முந்நூறு வெள்ளிக்கு மேல்.

"அத்தை, நான் வீட்டுச் சமையலோடு ஒப்பிடவில்லை, தாப்பாவ் வாங்குவதோடு ஒப்பிடுகிறேன்" என்பாய். சரி, அதையும் பார்ப்போம். இந்தப் பெட்டி வியாபாரம் நம் ஊரில் பிறந்ததில்லை. 2007இல் சுவீடனில் மிட்டாக்ஸ்ஃப்ரிட் என்ற நிறுவனம் தொடங்கியது. 2011இல் பெர்லினில் ஹலோஃபிரெஷ், 2012இல் நியூயார்க்கில் புளூ ஏப்ரன். இந்த ஊர்களில் வெளியே போய்ச் சாப்பிட்டால் பையில் ஓட்டை விழும், சமைப்பவர் கூலி அங்கே அப்படி. கடைச் சாப்பாட்டுக்கும் வீட்டுச் சமையலுக்கும் நடுவில் பெரிய இடைவெளி இருக்கிறது, பெட்டி அதில் போய் உட்கார்ந்துகொண்டது. கடைச் சாப்பாட்டைவிட மலிவு, தானே வாங்கிச் சமைப்பதைவிடச் சுலபம். அந்த ஊரில் அந்தக் கணக்கு சரிதான்.

ஜொகூரில் அந்த இடைவெளி எங்கே இருக்கிறது? 2023 ஜனவரி 31ஆம் தேதி மெனு ரஹ்மா தொடங்கினார்களே, நினைவிருக்கிறதா? நம் பூலாய் எம்பி சலாஹுடின் அயூப் அமைச்சராக இருந்தபோது கொண்டுவந்தது. அந்த வருஷமே ஜூலையில் தவறிவிட்டார், பாவம். சோறு, காய், ஒரு துண்டு மீனோ கோழியோ, 5 வெள்ளி. எல்லாக் கடையிலும் கிடைக்காது, ஒப்புக்கொள்கிறேன். கிடைக்காவிட்டாலும், எந்தத் தாமானில் இறங்கினாலும் கலப்புச் சோற்றுக் கடை இருக்கிறது, மாமாக் கடை இருக்கிறது. நீ சொல்லும் 20 வெள்ளிக்கு வயிறு நிறையச் சாப்பிட்டு, தே தாரிக் குடித்து, நாளைக்கு ரொட்டி சானாய்க்கும் மீதி வைத்துக்கொள்ளலாம். நம் ஊரில் வெந்த சோற்றைவிட வேகாத சோறுதான் விலை கூட. கோலாலம்பூரில் டாமாக்கான் என்று ஒரு கம்பெனி வந்ததே, பிறகு பாப் மீல்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டார்கள். அவர்களும் சமைத்த சாப்பாட்டைத்தான் வண்டியில் அனுப்பினார்கள். நாடி பிடித்துப் பார்த்துத்தான் செய்திருப்பார்கள்.

மாதக் காசு கட்டிச் சாப்பிடுவது நமக்குப் புதிதும் இல்லை. மெட்ராஸில் மெஸ் என்றும் எடுப்புச் சாப்பாடு என்றும் அந்தக் காலத்திலேயே உண்டு. பம்பாயில் டப்பாவாலாக்கள் 1890லிருந்து சுமக்கிறார்கள். இங்கேயும் திங்காட்டில் கறி சோறு கட்டிக் கொடுக்கும் வீட்டம்மாக்கள் எத்தனை பேர்! இத்தனையிலும் அடுப்பு வேலை முடிந்துதான் சாப்பாடு கைக்கு வரும். நீ அனுப்பிய பெட்டியில் அடுப்பு வேலை முழுக்க உன் தலையில்.

நான் சொல்ல வந்தது இதுதான். உனக்கு எது பற்றாக்குறை? நீ சமைக்கத் தெரியாதவள் இல்லை. உன் ரசத்தை மாமா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். பாசார் இல்லாத ஊரிலும் நீ இல்லை. நேரம்தான் இல்லை. ஒரு நாளைக்கு மூன்று லட்சம் பேருக்கு மேல் சிங்கப்பூர் பாலத்தைக் கடக்கிறார்கள், அங்கே வேலைக்குப் போய்வரும் நீயும் அவர்களில் ஒருத்தி. உட்லண்ட்ஸில் வரிசை, இங்கே சிஐக்யூவில் வரிசை, பிறகு ஸ்கூடாய் பஸ். வீட்டுக்கு வர எட்டரை. கைகால் கழுவி விளக்கேற்றி நிமிர்ந்தால் ஒன்பது. அப்போது பெட்டியைத் திறந்தால் உள்ளே என்ன இருக்கும்? பத்துப் பன்னிரண்டு சின்னச் சின்னப் பாக்கெட்டும், நாற்பது நிமிட வேலையும். அளந்து கொடுக்கிறான், நறுக்கிக் கொடுக்கிறான், இன்றைக்கு என்ன சமைப்பது என்ற தலைவலியையும் வாங்கிக்கொள்கிறான். அதெல்லாம் உண்மை. வதக்குவது, கொதிக்க வைப்பது, சட்டி கழுவுவது எல்லாம் ஒன்பது மணிக்கு உன்னிடம்தான் நிற்கும். ஆர்டிஎஸ் ரயில் ஓடத் தொடங்கினால் புக்கிட் சாகாரிலிருந்து உட்லண்ட்ஸ் நார்த் ஐந்தே நிமிடம் என்கிறார்கள். அந்த ரயில் உனக்குக் கொடுக்கப்போகும் நேரத்தை எந்தப் பெட்டியும் கொடுக்காது.

அத்தோடு, மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். மூன்று மணிக்கெல்லாம் வீட்டில் இருப்பார். கோபித்துக்கொள்ளாதே, பெட்டி வந்தால் அதை யார் திறப்பது என்று நீங்கள் இருவரும் பேசினீர்களா? உன் செய்தியில் "நான் சமைக்க", "எனக்குச் சுலபம்" என்றுதான் இருந்தது. அவர் பெயரே இல்லை. அவரைக் குறை சொல்லவில்லை. நல்ல பிள்ளை. அவர் அம்மா அவரை அடுப்பங்கரைப் பக்கம் விட்டதில்லை, அவ்வளவுதான்.

பெட்டிக்காரர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது, சொல்லாமல் விட்டால் தப்பு. 2019இல் அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு செய்தார்கள். பெட்டியில் வரும் சாப்பாட்டையும், அதே சாப்பாட்டைக் கடையில் சாமான் வாங்கிச் சமைப்பதையும் ஒப்பிட்டால், சூழலைக் கெடுக்கும் வாயு பின்னதில்தான் மூன்றில் ஒரு பங்கு அதிகமாக வந்ததாம். அத்தனை பிளாஸ்டிக்கையும் சேர்த்துக் கணக்குப் போட்டும் அப்படி. அளந்து வருவதால் வீணாவது குறைவு, அதுதான் காரணம். இரண்டு பேர் வீட்டில் கொத்தமல்லிக் கட்டு ஐஸ் பெட்டியின் அடியில் கறுத்துக் கிடப்பதை நானும் பார்த்திருக்கிறேன், உன் வீட்டில்தான்!

ஆனால் அளந்து வாங்க இணையத்துக்குப் போக வேண்டியதில்லை. எங்கள் பாசாரில் மசாலாக்காரர் கடைக்கு ஒரு நாள் உன்னைக் கூட்டிப் போகிறேன். வட்டத் தட்டுகளில் அரைத்த மிளகாய் ஒரு குவியல், மல்லி ஒரு குவியல், மஞ்சள், சீரகம் சோம்பு, இஞ்சி பூண்டு என்று வரிசையாக ஈரம் காயாமல் இருக்கும். போய் நின்றதும், "கோழியா, மீனா? எத்தனை கிலோ? தேங்காய்ப்பால் ஊத்துவீங்களா?" என்பார். பதிலைக் கேட்டு ஒவ்வொரு குவியலிலிருந்தும் கரண்டி நுனியால் வழித்து, ஒரே பிளாஸ்டிக் தாளில் பக்கம் பக்கமாக வைப்பார். பட்டை, கிராம்பு, ஒரு நட்சத்திரப் பூ, இரண்டு இணுக்குக் கறிவேப்பிலை. மடித்துக் கையில் கொடுத்தால் அதுதான் உன் பெட்டி. காரம் குறைக்கச் சொன்னால் அப்போதே ஒரு கரண்டி மிளகாயைத் திருப்பி எடுத்துவிடுவார். பக்கத்துக் காய்க் கடையில் சாம்பாருக்கு வேண்டிய கத்தரி, முருங்கை, கேரட்டை ஒரே பையில் கட்டி வைத்திருப்பார்கள். உன் வீட்டுப் பக்கத்துப் பாசாரிலும் விசாரித்துப் பார்.

ஞாயிற்றுக்கிழமையைப் பிடித்துக்கொள். 2014லிருந்து 2024 வரை ஜொகூரில் வெள்ளி சனி விடுமுறை. சனி போக, மாப்பிள்ளைக்கு வெள்ளி, உனக்கு ஞாயிறு என்று மாறி மாறி வீட்டில் இருந்தீர்கள். 2025 ஜனவரி 1லிருந்து சனி ஞாயிறு ஆகிவிட்டது. இப்போது ஞாயிறும் இரண்டு பேருக்கும் சேர்ந்தே லீவு. ஒரு கிலோ வெங்காயத்தை அவர் நறுக்கட்டும், கண் எரிந்தாலும் பரவாயில்லை. பொன்னிறமாக வதக்கி, இஞ்சி பூண்டு, அந்த மசாலா, தக்காளி எல்லாம் போட்டு, எண்ணெய் பிரிகிற வரைக்கும் விடுங்கள். நன்றாக ஆறவை. ஒரு வேளைக்கு ஒன்று என்று பையில் போட்டு, தட்டையாக அழுத்தி உறைபெட்டியில் அடுக்கு. உருண்டையாக வைத்தால் இளகுவதற்கே அரை மணி ஆகும். தேங்காய்ப்பாலை அதில் ஊற்றி வைக்காதே, திரிந்துபோகும். கிழங்கும் வேண்டாம், பஞ்சு மாதிரி ஆகிவிடும். வார நாளில் ஒரு பையை எடுத்துச் சட்டியில் போட்டு, முட்டையோ, கொண்டைக்கடலையோ, கெம்பூங் மீனோ சேர்த்தால் பதினைந்து நிமிடத்தில் குழம்பு. அதை நீ வந்து செய்ய வேண்டாம். ஏழரைக்கு அவர் அரிசி போட்டு, எட்டு மணிக்குச் சட்டியை அடுப்பில் வைத்தால் நீ கதவைத் திறக்கும்போது வாசனை வரும்.

இன்னொரு சங்கதி. வாரா வாரம் பட்டியலில் என்ன இருக்கும் என்பதை அவர்கள்தான் முடிவு செய்கிறார்கள். உன் வெள்ளிக்கிழமை சைவமும், புரட்டாசியும், தைப்பூச விரதமும் அவர்களுக்குத் தெரியாது. மாட்டிறைச்சி இருக்கும் பட்டியலில் கோழியைத் தேடிப் பிடிக்கிற வேலை வேறு. "ஒரு வாரம் வேண்டாம்" என்று சொல்ல மறந்தால் வங்கி அட்டையில் காசு போய்விடும்.

இந்த வியாபாரத்தின் கதையும் கொஞ்சம் தெரிந்துகொள். அந்த புளூ ஏப்ரன் 2017இல் பங்குச் சந்தைக்கு வந்தபோது மதிப்பு 1.9 பில்லியன் டாலர் பக்கம். 2023இல் இன்னொரு கம்பெனி அதை 103 மில்லியனுக்கு வாங்கியது. பாதி விலையில் ஆளைச் சேர்ப்பார்கள், தள்ளுபடி முடிந்ததும் நிறையப் பேர் கழன்றுகொள்வார்கள், மறுபடி காசைக் கொட்டிப் புது ஆளைப் பிடிக்க வேண்டும். அந்த விளம்பரச் செலவும் உன் 20 வெள்ளிக்குள்தான் இருக்கிறது.

இத்தனைக்கும் பிறகு எடுத்தால், மாப்பிள்ளைக்காக எடு. நிஜமாகத்தான் சொல்கிறேன். சமையல் தெரியாத ஒருவருக்கு அளந்து வைத்த பாக்கெட்டும் படம் போட்ட அட்டையும் நல்ல பாடம். உப்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று கேட்டு உனக்குப் போன் போட மாட்டார். ஒரு மாதம் கட்டணம் கட்டிப் படித்ததாக இருக்கட்டும். அட்டைகளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த மாதத்திலிருந்து அதே சாமானைப் பாசாரில் வாங்கலாம். பதிவு செய்யும்போதே நிறுத்துவது எப்படி என்று பார்த்து, அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து வை. நிறுத்திய பிறகும் காசு பிடித்துத் தகராறு செய்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. 5 வெள்ளி கட்டி மனுப் போடலாம், வக்கீல் தேவையில்லை.

கடிதத்தை மாப்பிள்ளையிடமும் காட்டு. ஒளித்து வைக்க இதில் ஒன்றும் இல்லை. வருகிற சனிக்கிழமை இரண்டு பேரும் குளுவாங்குக்கு வாருங்கள். காலை ஏழு மணிக்கு முன்னால் வந்தால் பாசாரில் நல்ல மீன் கிடைக்கும். நீ மாமாவோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிரு, மசாலாக்காரரிடம் மாப்பிள்ளையை நான் கூட்டிப் போகிறேன்.

அன்புடன்,
அத்தை