மருந்து என்னும் பெயரில் மனையுள் வாழும் நஞ்சு

ஒரு பொருளுக்கு நாம் இடும் பெயர், அப்பொருளை நாம் கையாளும் முறையையும் ஓரளவு தீர்மானிக்கின்றது. மொழி கற்பிக்கும் எமக்கு இவ்வுண்மை நாள்தோறும் தென்படுவதொன்று. தோட்டத்திலே தேயிலைக்கும் றப்பருக்கும் அடிப்பது ‘மருந்து’. எலியைக் கொல்வது ‘எலி மருந்து’. கொசுவை ஓட்டுவது ‘கொசு மருந்து’. காய்ச்சலில் வாடும் பிள்ளைக்குத் தாய் ஊட்டுவதும் ‘மருந்து’. உயிர் காப்பதும் உயிர் போக்குவதும் ஒரே சொல்லால் வழங்கும்போது, இரண்டும் ஒரே தட்டிலே அமர்ந்துவிடுதல் வியப்பன்று. லயத்துக் காம்பராவிலே சுவரோடு அறைந்த பலகை பெரும்பாலும் ஒன்றே. அப்பலகையிலே தைலப் போத்தலும் களைநாசினிப் போத்தலும் அருகருகே நிற்கின்றன. எழுத்தறியாத பாலகனுக்கு இரண்டும் போத்தலே.

ஆதலின், இல்லத்திலுள்ள நஞ்சுகளைக் குறைக்கும் வழி பற்றிய இப்பாடத்தை, நஞ்சை நஞ்சென்று அழைப்பதிலிருந்து தொடங்குவோமாக.

நாடு கற்ற பாடம்

இத்துறையிலே உலகம் எடுத்துக்காட்டாகக் கொள்ளும் நாடுகளுள் எமது இலங்கையும் ஒன்று என்பதை எம் மாணவருட் பலர் அறியார். 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் இவற்றின் இறக்குமதியையும் விற்பனையையும் அரசின் பதிவுக்கு உட்படுத்தியது. எனினும் 1995ஆம் ஆண்டளவில் இந்நாட்டில் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர். அவருட் பெரும்பாலோர் உயிரிழந்தது, வீட்டிலோ வயலோரத்திலோ கைக்கெட்டிய பீடைகொல்லியாலேயே. அவருட் பலர் நெடுநாள் எண்ணித் துணிந்தவரல்லர். ஒரு நாழிகைச் சினத்துக்கும் துயருக்கும் இரையானவர்.

1995இல் மிகக் கொடிய நஞ்சுகள் தடைசெய்யப்பட்டன. 1998இல் எண்டோசல்பான் தடைசெய்யப்பட்டது. 2008 முதல் 2011 வரை பரகுவாட், டைமெத்தோயேற், பென்தியோன் என்பனவும் படிப்படியாக நீக்கப்பட்டன. 2015ஆம் ஆண்டளவில் அவ்விறப்பு வீதம் 70 வீதத்துக்கு மேல் வீழ்ந்தது. அவ்விருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 93,000 உயிர்கள் காக்கப்பட்டன என ஆய்வாளர் மதிப்பிட்டுள்ளனர்.

இதனோடு வைத்து எண்ணத்தக்க மற்றோர் ஆய்வும் உண்டு. அநுராதபுரப் பகுதியிலே 180 கிராமங்களைத் தெரிந்து, அவற்றுட் பாதியில் வீடுதோறும் பீடைகொல்லியை வைத்துப் பூட்டுதற்குப் பெட்டி வழங்கினர். ஐம்பத்து மூவாயிரத்துக்கு மேற்பட்ட இல்லங்கள் இவ்வாய்வில் அடங்கின. 2017இல் வெளியான முடிவு யாது? தாமே நஞ்சருந்துவோர் தொகை, பெட்டி பெற்ற கிராமங்களிலும் பெறாத கிராமங்களிலும் வேறுபடவில்லை. பெட்டி பூட்டப்பட்டிருந்தாலும் திறவுகோல் வீட்டாரிடமே இருந்தது அன்றோ?

இவ்விரண்டையும் ஒருங்கு நோக்கின் ஒரு விதி பிறக்கின்றது. நஞ்சைப் பூட்டிவைப்பது நன்று. வீட்டிலே வையாமை அதனினும் நன்று. முதலாவது தவிர்த்தல், இரண்டாவது விலக்கி வைத்தல், மூன்றாவது கழுவுதல். இவ்வொழுங்கு மாறலாகாது. நாமோ பெரும்பாலும் மூன்றாவதையே முதலிற் செய்கின்றோம்.

தோட்டத்திலிருந்து வரும் நஞ்சு

மொனராகலை மாவட்டத்திலே பெல்வத்தையிலும் செவனகலையிலும் கரும்பு, சேனைகளிலே சோளம், மலைச்சரிவுகளிலே றப்பர். பதுளைப் பக்கம் ஏறினால் தேயிலை. எங்கும் தெளிகருவி முதுகில் ஏறுகின்றது. தெளிப்பவனுடைய உடலுள் நஞ்சு வாய்வழியாக மட்டும் புகுவதன்று. தோல்வழியாகவே மிகுதியும் புகுகின்றது. அவன் உடுத்த துணியோடு வீடு திரும்பிப் பிள்ளையை வாரி அணைக்கும்போது, தோட்டத்து நஞ்சு பிள்ளையின் தோலைச் சேர்கின்றது. எனவே அணைக்குமுன் குளிக்க வேண்டும். அத்துணிகளை வீட்டாரின் ஏனைய துணிகளோடு கலவாமல் தனியே தோய்க்க வேண்டும்.

தோட்டத்திலே மிஞ்சியதைச் சோடாப் போத்தலில் ஊற்றி, ‘நாளைக்கு உதவும்’ என்று கொணர்தல் பெருந்தீங்கு. சுட்டுத்துண்டு போனபின் அது நஞ்சென்று அறிவிப்பார் எவருமில்லை. தாகத்தோடு வரும் பிள்ளை சோடாவென்றே எண்ணும். வெறுங் கலனில் நீரோ மண்ணெண்ணெயோ நிரப்புதலும் ஆகாது. மும்முறை அலசி, அலசிய நீரைத் தெளிகருவியிலேயே சேர்த்து, கலனைத் துளையிட்டுப் பயனற்றதாக்குதலே முறை.

வீட்டிலேயே பிறக்கும் நஞ்சு

அடுப்பு மூட்டுதற்கு ஷொப்பிங் பையைக் கொளுத்தும் வழக்கம் பரவியுள்ளது. பிளாஸ்ரிக் எரியும் புகை விறகுப் புகையினுங் கேடானது. தென்னம்பாளையும் காய்ந்த சருகும் இருக்க, இது வேண்டா. விறகுப் புகையும் தீதே; புகைபோக்கியும் திறந்த சாளரமும் தாயின் நெஞ்சையும் பிள்ளையின் நெஞ்சையும் காக்கும்.

நுளம்புச் சுருளைப் பற்றி 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளிவிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகள் விடுமளவு எனக் கணித்தது. மூடிய அறையிலே சுருளைக் கொளுத்திக் குழந்தையை உறங்கவைப்பவர் இதனை எண்ணிப் பார்ப்பாராக. இலங்கையில் மலேரியா ஒழிந்தது என 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்று வழங்கியது, டெங்கு ஒழிந்ததில்லை. அதற்கு வலையும், தேங்கிய நீரைக் கவிழ்த்தலுமே நஞ்சற்ற வழிகள்.

மலசலகூடம் கழுவும் அமிலத்தையும் வெளுக்கும் திரவத்தையும் ஒருங்கே ஊற்றலாகாது. இரண்டுங் கூடியவிடத்துக் குளோரின் வாயு எழும். இரண்டும் சேரின் இருமடங்கு தூய்மை என்பது பிழையான கணக்கு.

ஈயம் கண்ணுக்குப் புலப்படாத கள்வன். குழந்தையின் மூளையைத் தாக்கும் அதற்குத் தீங்கற்ற அளவென ஒன்றில்லை என்பர் மருத்துவ அறிஞர். நம் நாட்டிலே நிறப்பூச்சில் ஈயத்தின் அளவுக்கு எல்லை 2013 முதலே நடைமுறைக்கு வந்தது. அதற்கு முற்பட்ட கதவையும் சாளரத்தையும் உலரச் சுரண்டினால் ஈயத்தூசு பறக்கும். பிள்ளைகளை அகற்றி, நீர் தெளித்து, ஈரத்திலே தேய்த்து, தூசை ஈரத்துணியால் துடைத்தெடுக்க.

மங்கலப் பொருள்களிலும் கருத்து வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் கூடிச் சிவக்கும் குங்குமம் தீங்கற்றது. கண்ணைப் பறிக்கும் சில செந்தூரங்களிலோ ஈயம் கலந்துள்ளது. வங்காளதேசத்தில் 2019இல் ஆராய்ந்த சந்தை மஞ்சள் மாதிரிகளுள் 47 வீதத்தில் ஈயங் காணப்பட்டது. அரசும் மக்களும் விழிப்புற்றபின், 2021 தொடக்கத்தில் எடுத்த மாதிரிகளில் ஒன்றிலேனும் அது இல்லை. முயன்றால் முடியும் என்பதற்கு இதுவே சான்று. கொல்லையில் விளைந்த மஞ்சளை அவித்து, உலர்த்தி, இடித்தெடுப்பவருக்கு இவ்வையமே இல்லை. செய்தவர் பெயர் அற்ற முகம் வெளுக்கும் களிம்புகளையும் வாங்கற்க. அவற்றுட் சிலவற்றிற் கலந்துள்ள பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

இடர் நேர்ந்தால்

நஞ்சு தோலிற் பட்டால் துணியைக் களைந்து, சவர்க்காரமும் மிகுந்த நீரும் கொண்டு கழுவுக. கண்ணிற் பட்டால் ஓடும் நீரிற் கால்மணி நேரம் கழுவுக. மண்ணெண்ணெயோ அமிலமோ குடித்த பிள்ளையை வாந்தியெடுக்க வைக்கலாகாது. அது நுரையீரலிற் புகும், தொண்டையை மீண்டும் சுடும். உடனே 1990 என்னும் இலக்கத்தை அழைத்து இலவச நோயாளர் ஊர்தியை வருவிக்க. நஞ்சிருந்த போத்தலையும் சுட்டுத்துண்டோடு வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்க. கொழும்புத் தேசிய வைத்தியசாலையிலுள்ள தேசிய நச்சுத் தகவல் நிலையம் வைத்தியருக்கு வழிகாட்டும். உள்ளம் உடைந்த ஒருவர் அருகிலிருப்பின் அவரைத் தனியே விடாது, 1926 என்னும் மனநல உதவி இலக்கத்தையும் நாடுக.

யார் கடன் யாது?

மாணவர்க்கு ஒரு பயிற்சி தருகின்றோம். இவ்வாரம் உங்கள் வீட்டில் ‘மருந்து’ எனப்படும் யாவற்றையும் பட்டியலிடுக. உண்பதற்குரியதை ஒரு நிரலிலும், கொல்வதற்குரியதை மறு நிரலிலும் எழுதுக. இரண்டாம் நிரலில் உள்ளவற்றுள் வேண்டாதவை எவையென்று பெற்றோருடன் கூடி ஆராய்க. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்குச் சுட்டுத்துண்டை வாசித்துக் காட்டுவதும் தமிழ்ப் பாடமே.

பழைய மாணவர்க்கும் ஒரு வேண்டுகோள். உங்களுள் தோட்ட உத்தியோகத்தர் உண்டு, கடைக்காரர் உண்டு, அரசாங்க அலுவலர் உண்டு. ஓரறைக் காம்பராவில் ஆறு பேர் வாழும் குடும்பத்திடம் ‘விலக்கி வை’ என்று மட்டும் சொன்னால், அது எங்கே விலக்கும்? தோட்டத்திலே நஞ்சுக்கென ஒரு பொதுக் களஞ்சியமும், தெளிப்போர் வீடு செல்லுமுன் குளிப்பதற்கு ஒரு நீர்க்குழாயும் அமையுமாயின், எமது பாடத்திற் பாதி தானே நிறைவேறும். அதனைச் செய்யவல்ல கைகள் இக்கல்லூரியிலிருந்து சென்ற கைகளே. கல்வியின் பயன் பிறர்க்குக் காவலாதல் எனின், அக்காவல் தவழும் பிள்ளைக்குக் கையெட்டும் அந்தப் பலகைத் தட்டிலிருந்து தொடங்குக.