முன்னிற்குஞ் சுரப்பிச் சோதனையும் தொற்றுக் காப்பும்

மருந்தென்னும் அதிகாரத்தை முடிக்குங்கால் திருவள்ளுவர் நோயுற்றவன், மருத்துவன், மருந்து, அருகிருந்து பணிசெய்வோன் என்னும் நான்கனையும் ஒருங்கே வைத்து எண்ணினார். இவற்றுள் ஒன்று தவறினும் மருத்துவம் குறைவுபடும் என்பது இதனாற் பெறப்படும். இவ்வுண்மையை இன்று நன்கு விளக்குவது, ஐம்பதைக் கடந்த ஆடவர் பலர்க்கு நேரும் ஒரு சோதனையாகும். நாணங் காரணமாக நம்மவர் அதனைப் பேசுவதில்லை. யான் மருத்துவனல்லேன், தமிழாசிரியன். எனினும், பேசாமை உயிருக்கு ஊறாதலைக் கண்டவனாதலின், அவ்வயதை எய்திய பழைய மாணவர் பொருட்டு இதனை எழுதலானேன்.

சிறுநீர்ப்பையின் கீழே சிறுநீர்வழியைச் சூழ்ந்து கிடப்பது புரொஸ்ரேற் எனப்படும் முன்னிற்குஞ் சுரப்பி. குருதியில் பி.எஸ்.ஏ. அளவு உயரினும், மருத்துவரின் விரலுக்குக் கட்டி தட்டுப்படினும், ஸ்கான் படத்தில் ஐயந் தோன்றினும், அது புற்றுநோயா அன்றா எனத் துணிதல் வேண்டும். அதற்காக ஊசியால் நூல்போன்ற சிறுதுண்டுகளை எடுத்து நுணுக்குக்காட்டியில் ஆராய்வர். இதுவே பயொப்சி. ஆறிடங்களில் ஒழுங்காகத் துண்டெடுக்கும் முறை 1989 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. பின்னர் 12 துண்டுகள் எடுத்தல் பெருவழக்காயிற்று.

இச்சுரப்பி நேர்குடலின் முன்சுவரை அடுத்துள்ளது. ஆதலின் குடற்சுவரினூடாக ஊசியைச் செலுத்துதலே நெடுங்கால வழக்கம். குடலில் வாழும் ஈ. கோலி முதலிய பற்றீரியாக்கள் ஆங்கிருக்கும்வரை பெரும்பாலும் தீங்கு செய்யா. ஊசியோடு சுரப்பியினுள்ளும் குருதியினுள்ளும் புகின் அவையே பகையாகும். கழுவிய காலோடு புறப்பட்டவனும் சேற்றைக் கடந்தால் சேற்றுக்காலோடுதான் வீடு புகுவான். ஊசி தூயதாயினும் அது செல்லும் வழி தூயதன்று என்பதே இங்குள்ள இடர்.

இனி மருத்துவர் செய்வன. சிறுநீரிற் கிருமித்தொற்று உண்டோவென முன்னரே பார்த்து, உண்டாயின் அது தீருமளவும் சோதனையைப் பிற்போடுவர். குடல்வழியே ஊசி செலுத்துவதாயின், நேர்குடலைப் பொவிடோன் அயடீனாற் தூய்மை செய்தல் தொற்றைக் குறைக்கும். வழியையே மாற்றுதல் மற்றொரு முறை. விதைப்பைக்கும் குதத்துக்கும் இடைப்பட்ட தோலைக் கிருமிநீக்கி, விறைப்பு மருந்திட்டு, அதனூடாக ஊசியைச் செலுத்துவர். இம்முறையில் ஊசி குடலினூடு செல்வதில்லை. ஐரோப்பியச் சிறுநீரியற் சங்கத்தின் வழிகாட்டல் இவ்வழியையே முற்படப் பரிந்துரைக்கின்றது. இவ்வசதி எங்கணும் இல்லை, எனினும், "ஐயா, எவ்வழியாற் செய்வீர்கள்?" என வினவுதல் குற்றமாகாது.

மூன்றாவது மருந்து. குடல்வழிச் சோதனைக்கு முன் நுண்ணுயிர்கொல்லி கொடுப்பர். நெடுங்காலம் சிப்ரோபுளொக்சசின் போன்றவை உதவின. பின்னர் அவற்றை எதிர்த்து நிற்கும் பற்றீரியாக்கள் பெருகின. பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங், அளவிற் குறைய மருந்துண்போர் கிருமிகளுக்கு எதிர்ப்பைக் கற்பிப்பர் என 1945 ஆம் ஆண்டிலேயே எச்சரித்தார். ஆதலாற் சிலவிடங்களில், நேர்குடலிலிருந்து பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்து ஆய்ந்து, அங்குள்ள கிருமிக்கு ஏற்ற மருந்தைத் தெரிகின்றனர். வீட்டில் எஞ்சிய மாத்திரையைத் தாமே விழுங்குதல் ஒருபோதும் தகாது.

நோயாளியின் கடமை மறையாது கூறல். அண்மையில் உண்ட நுண்ணுயிர்கொல்லிகள், மருத்துவமனையில் தங்கியமை, முன்னைய சிறுநீர்த் தொற்று, நீரிழிவு, மருந்து ஒவ்வாமை, குருதி உறையாதிருக்க உண்ணும் மாத்திரை ஆகிய யாவற்றையும் முன்னரே சொல்லுதல் வேண்டும். அம்மாத்திரையைத் தாமாக நிறுத்தலும் ஆகாது.

சோதனையின் பின் சில நாட்கள் சிறுநீரிற் சிறிது குருதி தோன்றல் இயல்பு. விந்திற் சில வாரங்கள் தோன்றலும் உண்டு. ஆயின் காய்ச்சல் 100.4 பாகை பரனைற்றை எட்டினும், குளிர்நடுக்கங் காணினும், சிறுநீர் தடைப்படினும், குருதிப்பெருக்கு மிகினும், அக்கணமே மருத்துவமனைக்குச் செல்லல் வேண்டும். பயொப்சி செய்தமையையும் அங்கு முதலிற் கூறல் வேண்டும். தொற்று குருதியிற் பரவின் நாழிகைகளும் விலைமதிப்புடையன.

எம் உறவினர் ஒருவர் சோதனைக்குப்பின் இரவு முழுதும் நடுங்கியும், பிள்ளைகளிடம் இதனை எவ்வாறு சொல்வதென நாணிப் போர்வையுட் கிடந்தார். விடியலில் மனைவியார் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, அவர் மறுக்கவும் கேளாது வண்டி பிடித்தார். பல நாட் சிகிச்சையின் பின் அவர் பிழைத்தார். வள்ளுவர் எண்ணிய நான்காமவர் அன்று அவ்வம்மையாரே.

ஆதலின், அன்பர்காள், இச்சோதனை வேண்டுமென மருத்துவர் கூறின் அஞ்சி விலகாதீர்; நாணி மறையாதீர். செல்லும் நாளை மனைவிக்கோ மக்களுக்கோ முன்னரே சொல்லிவைமின். அச்சொல்லும் ஒரு மருந்தேயாம்.