துறைமுகம் இல்லாத சந்தை நகர்

பிரான்சு நாட்டின் தலைநகராகிய பாரிசுக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில் புரோவேன் என்னும் சிறு நகரம் உள்ளது. அங்குக் கடலும் இல்லை. பெரிய ஆறும் இல்லை. ஆயினும் 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பிய வணிகர் பலர் இந்நகரை நாடி வந்தனர். ஏன் வந்தார்கள் என்ற வியப்பே எங்களை இக்கட்டுரை எழுதத் தூண்டியது.

அக்காலத்தில் இப்பகுதியைச் சாம்பெய்ன் பிரபுக்கள் ஆண்டு வந்தனர். ஆண்டுதோறும் நான்கு ஊர்களில் ஆறு பெருஞ்சந்தைகள் கூடின. அவற்றுள் இரண்டு புரோவேனுக்கு உரியவை. ஓர் ஊரில் சந்தை கலைந்ததும் அடுத்த ஊரில் கூடும். வடக்கே பிளாண்டர்சிலிருந்து கம்பளித் துணியும், தெற்கே இத்தாலியிலிருந்து பட்டும் மிளகும் வந்தன. அம்மிளகு நம் நாட்டு மலையாளக் கரையில் விளைந்தது. செங்கடலும் எகிப்தும் கடந்து இத்தாலியர் கைக்குச் சேர்ந்து, பின்னர் ஆல்ப்ஸ் மலையையும் தாண்டியது! ரசத்தில் நாங்கள் ஒதுக்கி வைக்கும் மிளகின் மீது அன்றுமுதல் எங்களுக்குத் தனி மரியாதை.

வழிப்பறி மிகுந்த அக்காலத்தில் வணிகருக்கு வேண்டியது பாதுகாப்பு. பிரபுக்கள் அதனை அளித்தனர். 1209-இல் பிரெஞ்சு மன்னர் இரண்டாம் பிலிப்பும் சந்தைக்குச் செல்வோருக்குத் தம் நாட்டு வழிகளில் பாதுகாப்பு வழங்கினார். சந்தைக் காவலர் எனப்பட்ட அதிகாரிகள் வழக்குகளை விசாரித்தனர். ஒருவன் கடனைத் தராமல் ஓடிவிட்டால், அவனுடைய ஊர் ஆட்சியாளருக்குச் செய்தி செல்லும். அவர்கள் நீதி வழங்க மறுத்தால் அவ்வூர் வணிகர் எவரும் சந்தைக்குள் நுழைய முடியாது. ஒருவன் செய்த தவற்றுக்கு ஊரார் அனைவரும் தண்டனை பெறுவது முறையா என்று எங்களுக்குள் பெரிய வாதமே நடந்தது. ஆனால் இந்த அச்சத்தால் கடன்கள் ஒழுங்காகத் தீர்க்கப்பட்டன என்பதையும் மறுக்க இயலாது. புரோவேன் நாணயத்தின் மதிப்பும் உயர்ந்தது. ரோம் நகர ஆட்சி மன்றமே அதனைப் பார்த்துக் காசு அடித்தது.

வணிகருக்குக் கிடைத்த நீதி நெசவாளருக்குக் கிடைத்ததா? 1280-ஐ ஒட்டி நகரத் தலைவர் வேலை நேரத்தை ஒரு மணி நேரம் நீட்டினார். சினமுற்ற தொழிலாளர் கிளர்ந்தெழுந்து அவரைக் கொன்றுவிட்டனர். கொலையை நாங்கள் சரியென்று கூறவில்லை. ஆயினும், அந்நகரின் புகழ்பெற்ற துணியை நெய்த கைகளுக்கு ஓய்வு வேண்டாமா?

1277-இல் ஜெனோவா நகரக் கப்பல்கள் கடல் வழியாக நேரே பிளாண்டர்சுக்குச் செல்லத் தொடங்கின. 1285-இல் சாம்பெய்ன், மன்னர் நான்காம் பிலிப்பின் கைக்கு வந்தது. பிளாண்டர்சுடன் அவர் நடத்திய போர்களால் வணிகம் மேலும் குன்றியது. சந்தைகள் படிப்படியாக ஒளி இழந்தன.

பெரிதாக வளராததாலேயே பழைய நகரம் அழியாமல் தப்பியது போலும். மதில்களும், சீசர் கோபுரமும், பொருள்களைச் சேர்த்து வைத்த நிலவறைகளும் இன்றும் உள்ளன. 2001-இல் புரோவேன் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அங்கு இப்போது ரோஜா இதழால் செய்த இனிப்புப் பண்டங்கள் விற்கிறார்களாம், நம் குல்கந்து போலவே!