டிக்கெட் இல்லாமல் எதுவரை போகலாம்?

ஊருக்கு ஒரு சமகாலக் கலைக்கூடம் கட்ட நினைப்பவர்கள், கட்டட வரைபடம் போடும் முன் இடத்தை ஒரு விடுமுறை நாளில் போய்ப் பார்க்க வேண்டும். பிரேசிலின் சாவோ பாவ்லோவில் ஒரு பழைய பீப்பாய்த் தொழிற்சாலையைப் பண்பாட்டு மையமாக்கும் பொறுப்பு 1970களில் லீனா போ பார்டி என்ற கட்டடக் கலைஞரிடம் வந்தது. ஒரு சனிக்கிழமை போனவர், அங்கே பிள்ளைகள் ஓடியாடுவதையும் தாய்மார்கள் இறைச்சி சுடுவதையும் பார்த்தார். அந்தக் கும்மாளம் கலையாமல் இருந்தால் போதும் என்று முடிவெடுத்து, கூடத்தை இடிக்காமல் நூலகமும் பட்டறைகளும் பொது உணவகமும் சேர்த்தார். 1982இல் செஸ்க் பொம்பேயா என்ற பெயரில் திறந்த அந்த மையம் இன்றும் கூட்டம் குறையாத இடம். உங்கள் மனையிலும் யார், எந்நேரம், எந்த நிழலில் உட்காருகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது டிக்கெட் எல்லை, அதாவது எதுவரை இலவசம், எங்கிருந்து கட்டணம் என்பது. கட்டடத்தின் தலையெழுத்தே இதில்தான். ஜப்பானின் கனசாவாவில் 2004இல் திறந்த 21ஆம் நூற்றாண்டு சமகாலக் கலை அருங்காட்சியகத்தைப் பாருங்கள். கசுயோ செஜிமாவும் ர்யூயே நிஷிசாவாவும் வடிவமைத்த, 112.5 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடி வட்டம் அது. முன்பக்கம், பின்பக்கம் என்று கிடையாது. பல திசைகளிலும் வாசல். காட்சி அறைகள் நடுவே தனித்தனிப் பெட்டிகளாக நிற்கின்றன. சுற்றிலும் நூலகம், சிறுவர் பட்டறை, ஊர்க்காரர்கள் வாடகைக்கு எடுக்கும் கூடம், உணவகம். காட்சி அறைகளை மாலையில் பூட்டினாலும் சுற்றுப்பகுதி இரவு 10 மணிவரை திறந்திருக்கும். கூரைத் திறப்பின் வழியே வானத்தைக் காட்டும், கலைஞர் ஜேம்ஸ் டரலின் அறையை அங்கே டிக்கெட் இல்லாமலே பார்க்கலாம். இலவசப் பக்கம்தானே என்று அங்கே இரண்டாந்தரச் சரக்கை வைக்கவில்லை.

இந்த ஏற்பாடு நடக்க வேண்டுமானால் பூட்டு, மின்இணைப்பு, ஏசி மூன்றையும் இரு பகுதிகளுக்கும் வரைபடத்திலேயே பிரித்துவிட வேண்டும். பிறகு பிரிக்கக் கூடுதல் செலவாகும். கழிப்பறை, குடிநீர், லிஃப்ட் மூன்றும் கட்டாயம் இலவசப் பக்கம். முதுகு சாயும் பெஞ்சுகளைத் தாராளமாகப் போடுங்கள். கனசாவாவின் கண்ணாடியை மட்டும் அப்படியே கொண்டுவந்து மதுரையில் நிறுத்தாதீர்கள், வெந்துபோவோம். அகலமான தாழ்வாரமும் ஜாலிச் சுவரும் அதே வேலையைச் செய்யும்: உள்ளே நடப்பது தெருவுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

வெளிச்சக் கணக்கு சுருக்கமானது. காகிதமும் துணியும் வெளிச்சத்தில் மங்கும்; அவற்றுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) போதும். எண்ணெய் ஓவியத்துக்கு 200 லக்ஸ் வரை. ஆகவே வெயில் படும் பொதுப்பகுதிக்குக் கல், உலோகம், சுடுமண். நீர்வண்ணமும் பழைய புகைப்படமும் உள்ளறைக்கு. படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். சிறுவர்களும் சக்கர நாற்காலியில் வருபவர்களும் பார்க்க அதைக் கொஞ்சம் இறக்கினால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

கடைசியாக, வாசல் காவலர். ஏசி போட்ட கண்ணாடிக் கதவைக் கண்டாலே, காசு கேட்பார்களோ, செருப்பைக் கழற்ற வேண்டுமோ என்று பலர் தயங்கி நிற்பார்கள். “யாரைப் பார்க்கணும்?” என்று ஒருவர் கேட்டுவிட்டால் திரும்பியே போய்விடுவார்கள். எனவே பொதுப்பகுதிக்கு நுழைவுக் கட்டணம் இல்லை என்பதைக் கொட்டை எழுத்தில் தமிழில் எழுதி வெளியே மாட்டுங்கள். காவலரின் நாற்காலியைத் தெருவாசலில் போடாமல் காட்சி அறை வாசலில் போடுங்கள். வேலைக்குச் சேரும் முதல் வாரத்திலேயே கண்காட்சியை அவருக்குச் சுற்றிக் காட்டுங்கள்; பார்க்க வருபவர்கள் சந்தேகம் கேட்கப்போவது அவரிடம்தான்.