வரத்தும் போக்கும்

ஏரிக்கு இரண்டு வழிகள் உண்டு. மழைநீரைக் கொண்டுவந்து சேர்ப்பது வரத்துக்கால். ஏரி நிரம்பியபின், கரை உடையாதவாறு மிகுநீரை வெளியேற்றுவது கலிங்கு. இவ்விரண்டுள் எது அடைபட்டாலும் ஏரிக்குக் கேடு விளையும். கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்போருக்கும் இவ்விதி பொருந்தும். பெரிய நன்னீர் மீன்தொட்டி ஒன்றில் நீர் இடையறாது மாறிக்கொண்டிருக்கும்படி அமைப்பது எவ்வாறு என்பதை இப்பாடத்தில் காண்போம்.

தெளிந்த நீரும் தூய நீரும்

மீன்கள் அம்மோனியாவைப் பெரும்பாலும் செவுள்களின் வழியே வெளியிடுகின்றன. உண்ணாமல் எஞ்சிய இரையும் அழுகி அம்மோனியாவைத் தருகிறது. அது மீன்களுக்கு நஞ்சு. வடிகட்டியில் வாழும் நுண்ணுயிரிகளுள் ஒரு வகை அதனை நைட்ரைட்டாக மாற்றும். மற்றொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரைட்டும் நஞ்சே. நைட்ரேட் அவ்வளவு கொடியதன்று. எனினும் நாள்தோறும் அது சேர்ந்துகொண்டே போகும். நீர்த்தாவரங்கள் அதில் ஒரு பகுதியை உறிஞ்சும். எஞ்சியது நீரிலேயே தங்கும். அதற்கு நிறமில்லை. ஆதலால் பளிங்குபோல் தோன்றும் நீரிலும் மீன்கள் நலிவுறக் கூடும்.

ஆவியாகிக் குறைந்த அளவுக்குப் புதுநீர் ஊற்றினால் போதாதா எனச் சிலர் வினவுவர். போதாது. ஆவியாகிச் செல்வது நீர் மட்டுமே. அதில் கரைந்திருந்த உப்புகளும் நைட்ரேட்டும் தொட்டியிலேயே தங்கிவிடும். பழைய நீரை வெளியேற்றினால்தான் அவையும் வெளியேறும்.

ஏன் சிறிது சிறிதாக?

ஒரு தொட்டியில் நைட்ரேட் நாளொன்றுக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் கூடுகிறது எனக் கொள்வோம். புதுநீரில் நைட்ரேட் இல்லை எனவும் கொள்வோம். வாரம் ஒருமுறை பாதி நீரை மாற்றி வந்தால், நாளடைவில் அதன் அளவு 14 மில்லிகிராமுக்கும் 28 மில்லிகிராமுக்கும் இடையே ஏறி இறங்கும். நாள்தோறும் பத்தில் ஒரு பங்கு நீர் இடைவிடாது மாறினால், ஏறத்தாழ 20 மில்லிகிராமில் நிலைத்து நிற்கும்.

முதல் முறையில் வாரத்திற்குப் பாதித் தொட்டி நீர் போதும். இரண்டாம் முறைக்கு அதைவிடக் கூடுதலாகவே வேண்டும். ஆகவே, தொடர்மாற்று முறை நீரைச் சிக்கனப்படுத்தாது. நீரின் வெப்பமும் தன்மையும் திடீரென மாறாமல் காப்பதே அதன் பயன். தில்லியின் மார்கழிக் குளிரில் குழாய்நீரைப் பாதித் தொட்டிக்கு ஒரே வேளையில் ஊற்றினால் மீன்கள் அதிர்ச்சியுறும். சொட்டுச் சொட்டாகப் புகும் நீரால் அவ்வாறு நேராது.

புகுந்த நீர் பழைய நீரோடு கலந்துவிடும் என்பதையும் மறவாதீர். 1000 லிட்டர் தொட்டியில் நாளுக்கு 100 லிட்டர் வீதம் பத்து நாள்களில் 1000 லிட்டர் புகுந்தாலும், பழைய நீரில் ஏறத்தாழ 37 விழுக்காடு எஞ்சியிருக்கும்.

அமைக்கும் முறை

200 செ.மீ. நீளமும் 100 செ.மீ. அகலமும் கொண்ட தொட்டியில் 50 செ.மீ. உயரத்திற்கு நீர் நின்றால் அது 1000 லிட்டர் ஆகும். அதன் நீர் மட்டுமே 1000 கிலோகிராம் எடையுள்ளது. எனவே, தொட்டியைத் தாங்கும் மேடையும் தளமும் உறுதியானவையா என முதலில் ஆராய வேண்டும்.

1. வரத்து: மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாயில் ஒரு திருகுகுழாய் பொருத்துக. அதன்பின் மண்துகள் வடிகட்டியும், அடுத்துக் கரி வடிகட்டியும் அமைக்க. நகராட்சி நீரில் கலக்கப்படும் குளோரின் மீன்களின் செவுளைப் புண்ணாக்கும். வடிகட்டியில் வாழும் நுண்ணுயிரிகளையும் கொல்லும். கரி அதனை நீக்கும். கரியின் ஆற்றல் நாளடைவில் குன்றும் ஆதலால், குளோரின் சோதனைக் கருவியால் அவ்வப்போது சோதித்து அதனை மாற்ற வேண்டும்.

2. அளவு: குழாயின் முனையில் சொட்டுநீர்ப் பாசனத்திற்குப் பயன்படும் சொட்டுவான் ஒன்றைப் பொருத்துக. மணிக்கு 4 லிட்டர் தரும் சொட்டுவான் நாளொன்றுக்கு 96 லிட்டர் தரும். நீரழுத்தத்திற்கேற்ப இவ்வளவு மாறக்கூடும். ஆதலால் அளவுக்குவளையை ஏந்திப் பார்க்க. 15 நிமிடத்தில் 1 லிட்டர் நிறைந்தால் அளவு சரி.

3. போக்கு: தொட்டியின் மேல்விளிம்பிற்குச் சற்றுக் கீழே துளையிட்டு வெளியேற்றுக் குழாய் அமைக்க. இதுவே தொட்டியின் கலிங்கு. வரத்துக்கு எதிர்முனையில் இது இருத்தல் வேண்டும். அருகில் இருந்தால் புதுநீர் கலவாமலே வெளியேறிவிடும். மீன்கள் புகாதவாறு வாயில் சல்லடை பொருத்துக. கடினமாக்கப்பட்ட கண்ணாடியில் துளையிட முயன்றால் அது நொறுங்கிவிடும். ஆதலால் கண்ணாடியின் வகையை முன்னரே அறிந்துகொள்க. துளையிடும் பணியைப் பழகிய பணியாளரிடம் ஒப்படைக்க.

4. காப்பு: சல்லடையில் இலையோ பாசியோ அடைத்துக்கொண்டால் நீர் வழிந்து வீடெங்கும் பரவும். எனவே, முதற்குழாயைவிடச் சற்று உயரத்தில் இரண்டாம் குழாய் ஒன்று வேண்டும். சொட்டுவான் கழன்றுவிட்டாலும், பாயும் நீர் முழுவதையும் வெளியேற்றும் அகலம் இக்குழாய்களுக்கு இருக்க வேண்டும்.

5. ஒத்திகை: மீன்களை விடும்முன் ஒரு நாள் முழுவதும் அமைப்பை இயக்கிப் பார்க்க. ஒரு குழாயை வேண்டுமென்றே அடைத்து, மற்றொன்று தன் கடமையைச் செய்கிறதா எனக் காண்க.

இவ்வமைப்பால் வடிகட்டியின் தேவை நீங்கிவிடாது. அம்மோனியாவை மாற்றும் நுண்ணுயிரிகள் வடிகட்டியிலும் கூழாங்கற்களிலும் ஒட்டி வாழ்வதால், நீர் மாறினாலும் அவை அடித்துச் செல்லப்படா.

கடலையே வரத்தாகக் கொண்ட காட்சியகம்

அமெரிக்காவின் கலிபோர்னியாக் கடற்கரையில் மான்டரே விரிகுடா மீன்காட்சியகம் 1984ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அங்கு விரிகுடாவின் நீரே இறைக்கப்பட்டுக் காட்சித் தொட்டிகளின் வழியே பாய்ந்து மீண்டும் கடலைச் சேர்கிறது. பகலில் பார்வையாளர் தெளிவாகக் காணும்பொருட்டு நீர் வடிகட்டப்படுகிறது. இரவில் வடிகட்டாத நீர் விடப்படுகிறது. அதில் மிதந்துவரும் நுண்ணுயிர்கள் தொட்டியில் வாழும் உயிர்களுக்கு உணவாகின்றன.

போகும் நீர் எங்கே போகும்?

மான்டரேயில் கடல் இருக்கிறது. நம் வீட்டிலோ நாள்தோறும் வெளியேறும் 96 லிட்டர் சாக்கடையில் கலக்கக் கூடும். ஒரு குடம் நீருக்கு வரிசையில் நிற்கும் தெருக்கள் நம் நகரங்களில் உள்ளன என்பதை நாம் அறிவோம். ஆகவே, வெளியேறும் நீரை ஒரு பீப்பாயில் சேர்த்துச் செடிகளுக்கு ஊற்றுக. மீனுக்கு மிகையான நைட்ரேட் செடிக்கு உரமாகும். மாடித்தோட்டமோ, குடியிருப்பின் பூங்காவோ அந்நீரை ஏற்க வேண்டும். அத்தகைய போக்கிடம் இல்லாத வீட்டில் தொடர்மாற்று அமைப்பு வேண்டா. சிறிய தொட்டியும் சில மீன்களுமே போதும். போக்கை முடிவுசெய்தபின் வரத்தைத் திறப்பதே முறை.

அருஞ்சொற்பொருள்

வரத்துக்கால் – ஏரிக்கு நீர் கொண்டுவரும் கால்வாய்
கலிங்கு – மிகுநீர் வழிந்தோடும் அமைப்பு
செவுள் – மீனின் மூச்சுறுப்பு
நலிவு – தளர்ச்சி
விழுக்காடு – நூற்றில் இத்தனை பங்கு என்னும் கணக்கு

பயிற்சி

அ. விடை எழுதுக.
1. தெளிந்த நீர் யாவும் மீனுக்கு ஏற்றதாகாது. ஏன்?
2. வரத்தும் போக்கும் எதிரெதிர் முனைகளில் அமைய வேண்டியதன் காரணம் யாது?
3. 600 லிட்டர் தொட்டியில் மணிக்கு 2 லிட்டர் வீதம் நீர் புகுகிறது. நாளொன்றுக்கு எத்தனை விழுக்காடு நீர் புகும்?

ஆ. பிரித்து எழுதுக.
நன்னீர், இவ்வளவு, நாளடைவில்

இ. உரையாடுக.
உங்கள் வீட்டில் ஒருநாளில் வெளியேறும் நீரில் எதனை மீண்டும் பயன்படுத்தலாம்? வீட்டில் உள்ள பெரியோருடன் தமிழில் உரையாடி, ஐந்து வரிகளில் எழுதுக.