நன்னாரி மணப்பாகு காய்ச்சும் முறை

புதுக்கோட்டைக்கு வடமேற்கே சுமார் 16 கிலோமீட்டரில் உள்ள சித்தன்னவாசல் பக்கத்துக் குடியானவர்களுக்கு நன்னாரியைப் பற்றி நான் புதிதாக எடுத்துச் சொல்லவேண்டுவதில்லை. செம்மண்ணும் சரளையும் கலந்த பூமியில், வேலியோரங்களிலும் வரப்புகளிலும், விதைப்பாரின்றித் தானே படரும் கொடி அது. அதன் வேரிலிருந்து மணப்பாகு எடுத்துக் கலியாணத்திற்கும் பொங்கலுக்கும் உற்றார்க்கு ஒரு புட்டி கொடுப்பது மிகவும் சிலாக்கியமான காரியம். ஆனால் வீட்டில் காய்ச்சுவோரிற் சிலர் மணத்தை இழந்துவிடுகின்றனர். சிலரது பாகு புளித்துவிடுகிறது. இவ்விரண்டு குறைகளின் காரணத்தையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மேனாட்டார் வனிலாக் காய்களைச் சாராயத்தில் மாதக்கணக்காக ஊறவைத்து வடித்து, கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு நண்பர்களுக்கு அனுப்புவதுண்டு. நன்னாரியின் மணப்பொருள் வனிலாவின் மணப்பொருளுக்கு உடன்பிறப்பு என்றே சொல்லலாம். இரண்டிலும் அணுக்களின் வகையும் தொகையும் ஒன்றே. அவை அமைந்த இடந்தான் வேறு. ஆயினும் நமது முறைக்குச் சாராயம் தேவையில்லை. வெந்நீர் மணத்தை இழுக்கும். சீனி அதைக் கெடாமற் காக்கும்.

முதலில் வேரைச் சரியாக அறிந்துகொள்ள வேண்டும். இலைகள் எதிரெதிராக அமைந்து, நடுநரம்பையொட்டி வெண்மையான கோடு ஓடும். ஒடித்தால் பால் வரும். வேர் மெல்லியதாய், மேற்பட்டை கரும்பழுப்பாய், குறுக்கே வெடிப்புகளுடன் இருக்கும். பால் வடியும் கொடிகள் பல உண்டு. அவற்றிற் சில கேடு விளைவிப்பவை. ஆகையால் மணமில்லாத வேரை எக்காரணத்தாலும் சேர்க்கலாகாது. மாகாளிக் கிழங்கிலும் இதே மணம் உண்டு. அது தடித்துச் சதைப்பற்றாக இருக்கும். ஊறுகாய்க்கு அது உகந்ததேயாயினும், நன்னாரி என்று சொல்லி அதைக் கொடுப்பது முறையன்று.

உலர்ந்த வேர் 100 கிராம் எடுத்து, மண் போகக் கழுவி, உரலில் இலேசாக இடித்தால் பட்டை கழன்றுவிடும். மணம் பெரும்பாலும் பட்டையில்தான் உள்ளது. உள்ளேயிருக்கும் கட்டையை எறிந்துவிடுக. பட்டையை மூடியுள்ள பாத்திரத்திலிட்டு, நன்றாகக் கொதித்த நீர் ஒரு லிட்டரை ஊற்றி, உடனே மூடி, இரவு முழுவதும் ஊறவிடவேண்டும். வேரை அடுப்பிலேற்றிப் பாதியாக வற்றும்வரை கொதிக்கவிடுவோர் உளர். இதுவே முதல் தவறு. மணம் ஆவியோடு போய்விடும். அண்டை வீட்டார் முகர்ந்து மகிழ்வர், புட்டியில் ஒன்றும் இராது.

காலையில் இரட்டைத் துணியில் வடித்து, வடித்த நீரை அளந்துகொள்க. லிட்டருக்கு 2 கிலோ சீனியும், இரண்டு எலுமிச்சம்பழச் சாறும் சேர்த்து, இளந்தீயில் கரைத்து, அழுக்கை எடுத்துவிட்டு, ஒரு கொதி வந்ததும் இறக்கிவிடலாம். நிறம் இளம்பழுப்பாகவே இருக்கும். கருமைக்காகச் சீனியைக் கருக்கிச் சேர்ப்பது அழகுக்கேயன்றி மணத்திற்கன்று.

இரண்டாவது தவறு சீனியைக் குறைப்பது. எடையில் 100 பங்கு பாகில் 65 பங்குக்குக் குறையாமல் சீனி இருந்தால், புளிக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்கு வேண்டிய நீர் கிட்டாது. மேற்சொன்ன அளவில் சுமார் 66 பங்கு அமையும். பல்லாண்டுகளுக்கு முன் உறவினர் ஒருவர் வீட்டுக் கலியாணத்திற்கு நானே ஆறு புட்டிகள் காய்ச்சினேன். இனிப்பு திகட்டுமென்று எண்ணி லிட்டருக்கு ஒரு கிலோ மட்டுமே சேர்த்தேன். சித்திரை வெயிலில் மூன்று வாரத்திற்குள் தக்கைகள் தெறித்தன. ஒரு புட்டி வெடித்துச் சீர்த்தட்டிலிருந்த பட்டுச்சேலை பாழாயிற்று. விவசாயம் படித்தவன் கொடுத்த புட்டியென்று அவ்வீட்டார் இன்றும் சிரிப்பதுண்டு. இரண்டு கிலோவுக்கு மிகவும் மேலே போனாலோ அடியில் கற்கண்டுபோல் உறையும்.

கண்ணாடிப் புட்டிகளைக் கால்மணி நேரம் நீரில் கொதிக்கவைத்து, கவிழ்த்து, ஈரமறக் காயவைத்த பின்பே பாகைச் சூட்டோடு நிரப்பி மூடுக. உள்ளே தங்கும் நீர்த்துளி பாகின்மேல் நின்று பூஞ்சணத்திற்கு இடந்தரும். காய்ச்சிய தேதியையும், ஒரு பங்கு பாகுக்கு ஐந்து பங்கு நீர் என்பதையும் சீட்டில் எழுதி ஒட்டவேண்டும். நீரிழிவுக்காரர் உள்ள வீட்டுக்குப் பாகு அனுப்புவது அன்பாகாது. அவர்களுக்கு உலர்ந்த வேரையே ஒரு சிறு கட்டாகக் கட்டிக் கொடுத்தால் பானைத் தண்ணீரில் போட்டுக்கொள்வர். விற்க முற்படுவோர் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ளல் வேண்டும்.

இனிக் கிராம அதிகாரிகள் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்றுண்டு. புறம்போக்கில் கொடியை வேரோடு பிடுங்கி மூட்டை கட்டுவோரைத் தடுக்காவிடில், தானே முளைக்கும் இச்செல்வம் சில ஆண்டுகளில் அற்றுப்போகும். 9-ஆம் நூற்றாண்டுச் சித்திரங்களையுடைய அறிவர் கோயில் குன்றோ மத்தியத் தொல்பொருள் துறையின் பாதுகாப்பிலுள்ளது. அங்கே மண்ணைத் தோண்டவே கூடாது. சொந்த வரப்பில் உள்ளோரும் ஒரு பக்கம் மட்டும் தோண்டி, வேரில் பாதியை எடுத்து, தலைப்பகுதியை விட்டு மண் அணைக்கவேண்டும். கணுவுள்ள கொடித்துண்டுகளை ஐப்பசி மழையில் வேலியோரம் ஊன்றி, இரண்டு ஆண்டுகள் தொடாமல் விட்டால், வீட்டுத் தேவைக்குப் போதிய வேர் கிடைக்கும்.