கயாக்கை நிறுத்தத் தெரிந்தவருக்கே வேலை

பெங்களூரு ஜோகுபாளையத்தில் வளர்ந்தவர்களுக்கு அல்சூர் ஏரி வீட்டு வாசல் மாதிரி. சுற்றுலாப் படகுகளையும், மெட்ராஸ் எஞ்சினியர் குரூப் வீரர்கள் தண்ணீரில் பயிற்சி எடுப்பதையும் பார்த்தே பெரியவர்களானோம். இப்போது நம் தெருப் பிள்ளைகள் சிலர் கேட்கிறார்கள்: "அண்ணா, கயாக் கைடு வேலைக்குப் போகலாமா?"

தாராளமாகப் போகலாம். துடுப்புப் போடுவது சில நாளில் கைக்கு வந்துவிடும். ஆனால் தூண்டில் போட வருகிற விருந்தினரை அழைத்துப் போகிறவருக்கு வேண்டியது வேறு: படகை ஒரே இடத்தில் நிறுத்தி வைக்கும் கை. காற்று கயாக்கை இழுத்துக்கொண்டே போனால் மீன் இருக்கும் இடத்தில் தூண்டில் நிற்காது. தப்பாக நிறுத்தினாலோ படகே கவிழும். அதனால் நங்கூரத்தை முதலில் படியுங்கள்.

அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்துத்தான் நங்கூரம் வாங்க வேண்டும். கல்லும் பாறையுமான அணைக்கட்டு நீரில், நான்கு கொக்கி விரியும் மடக்கு நங்கூரம் போதும். கயாக்குக்கு ஒன்றரை கிலோ தாராளம். நம் ஊர் ஏரிகளைப் போல வண்டல் படிந்த இடத்தில் அந்தக் கொக்கி சேற்றை உழுதுகொண்டே வரும். அங்கே காளான் வடிவ நங்கூரம் பரவாயில்லை. இடுப்பளவு ஆழம் என்றால் எதுவும் வேண்டாம், ஒரு நீளக் கம்பைச் சேற்றில் குத்திப் படகைக் கட்டிவிடலாம். என்னைக் கேட்டால் இதைவிட நல்ல வழி கிடையாது.

கடையில் மலிவாகக் கிடைக்கும் மஞ்சள் பிளாஸ்டிக் கயிறு வேண்டாம். அது மிதக்கும், துடுப்பில் சுற்றும். 6 மில்லிமீட்டர் நைலான் கயிறு மூழ்கும், இழுத்தால் கொஞ்சம் நீண்டும் கொடுக்கும். நீளத்தில்தான் பலர் கஞ்சத்தனம் செய்கிறார்கள். ஆழத்தைப் போல ஐந்து மடங்கு கயிறு விட வேண்டும், காற்று பலமென்றால் ஏழு மடங்கு. மூன்று மீட்டர் ஆழத்துக்குப் பதினைந்து மீட்டர். அப்போதுதான் இழுப்பு பக்கவாட்டில் விழுந்து கொக்கி பிடிக்கும். நேர்மேலே இழுத்தால் நங்கூரம் கிளம்பிவிடும். கயிற்றுக்கும் நங்கூரத்துக்கும் நடுவில் ஒரு மீட்டர் சங்கிலி சேர்த்தால் பிடி இன்னும் உறுதி.

சங்கிலியை மாட்டும் விதத்தைக் கவனியுங்கள். நங்கூரத்தின் தலையிலுள்ள வளையத்தில் மாட்டாதீர்கள். அடியில், கொக்கிகள் சேரும் இடத்துத் துளையில் ஷாக்கிள் போட்டு மாட்டுங்கள். சங்கிலியைத் தண்டோடு மேலே கொண்டுவந்து, தலை வளையத்தில் ஒரு சின்ன கேபிள் டையால் கட்டுங்கள். பாறை இடுக்கில் சிக்கினால் பலமாக இழுங்கள். டை அறுந்து, இழுப்பு அடிப்பக்கத்துக்கு மாறும், நங்கூரம் வந்த வழியே திரும்பி வெளியே வரும். பையில் பத்து டை கூடுதலாக இருக்கட்டும்.

இனி, எங்கே கட்டுவது என்ற கேள்வி. சில வருடங்களுக்கு முன் ஓர் அணை நீர்த்தேக்கத்தில், அவசரத்தில், இருக்கைப் பக்கத்துக் கைப்பிடியில் கயிற்றைக் கட்டினேன். ஆடிக் காற்று. கயாக் குறுக்கே திரும்பியது, அலை முழுக்க விலாவில் அடித்தது, கட்டிய பக்கம் தாழ்ந்து தண்ணீர் மடிக்கு வந்தது. முடிச்சை அவிழ்க்க முடியவில்லை, அறுத்துத்தான் தப்பித்தேன். படகின் நடுப்பக்கத்தில் ஒருபோதும் கட்டாதீர்கள்.

முன்முனையில், கடலோரத்தில் அணியம் என்பார்களே அங்கே, ஒரு சின்னக் கப்பி. பின்முனையில் இன்னொன்று. இரண்டையும் சுற்றி விலாவோடு ஓடும் மெல்லிய கயிறு, அதில் ஒரு வளையம். நங்கூரக் கயிற்றை அந்த வளையத்துக்குள் விட்டு, மெல்லிய கயிற்றை இழுத்தால் உட்கார்ந்தபடியே பிடியை எந்த முனைக்கும் தள்ளலாம். அலை இருந்தால் முன்முனைக்குக் கொண்டுபோங்கள். நங்கூரக் கயிற்றின் மறுமுனையைக் கை எட்டும் இடத்தில், ஒரே இழுப்பில் கழலும்படி மாட்டுங்கள், ஒரு மிதவையும் சேருங்கள். பெரிய மீன் இழுத்துக்கொண்டு ஓடினால் கழற்றிவிட்டுப் போய், பிறகு மிதவையைத் தேடி எடுக்கலாம்.

ஓடும் ஆற்றில் நங்கூரம் போடவே போடாதீர்கள். வேக நீர் கயிற்றைப் பிடித்து முனையையே உள்ளே அமுக்கிவிடும்.

ஏரிகளில் மீன் உரிமையைக் குத்தகைக்கு விடுவது உண்டு, சரணாலயத்தில் மீன்பிடிக்கத் தடை உண்டு. அனுமதி கேட்காமல் எங்கும் படகை இறக்காதீர்கள். பயிற்சிக்கு நம் மாநிலத்திலேயே ஜெனரல் திம்மய்யா சாகச அகாடமி இருக்கிறது, கோவாவில் தேசிய நீர் விளையாட்டு நிறுவனம் இருக்கிறது. அங்கே போகும் முன் மொட்டை மாடியில் கயிறு கட்டிப் பழகுங்கள், கண்ணை மூடிக்கொண்டு கழற்ற வரும்வரை. கத்தி மட்டும் உயிர்காப்பு ஜாக்கெட்டின் மார்பில், இரண்டு கைக்கும் எட்டும் இடத்தில் இருக்கட்டும்.